வட்டகொடையில் ஒரு தெய்வ விசாரம்

தூர தேசத்துக்குப் பிரயாணம் போகிறவன், அங்கே மண்ணும் மனிதரும் வேறாகவே இருக்கும் என்று மனத்தை முன்கூட்டியே பழக்கிக்கொண்டு போகிறான். ஆகையால் அங்கே காண்கிற புதுமை எதுவும் அவனை நிலைகுலையச் செய்வதில்லை. அண்டை நாட்டுக்குப் போகிறவனுக்கோ அந்த முன்னேற்பாடு கிடையாது. ராமேசுவரத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று நாம் சிறு பிராயம் முதல் கேட்டு வந்திருக்கிற இலங்கையில் இறங்குகிற தமிழன், முருங்கையும் கறிவேப்பிலையும் தெருமுனைப் பிள்ளையாரும் தன் ஊரில் இருப்பது போலவே இருக்கக் கண்டு, இது நம் வீட்டின் பின்கட்டுத்தான் என்று எண்ணத் தொடங்கும் தருணத்தில், பக்கத்தில் நிற்கும் இருவர் பேசிக்கொள்வதில் ஒரு சொல்லும் தனக்கு விளங்கவில்லை என்பதை உணர்ந்து சற்றே கூச்சப்படுகிறான்.

கொழும்பிலிருந்து மலையேறும் ரயில், ஹட்டனையும் கொட்டகலையையும் தலவாக்கலையையும் கடந்து, கிரேட் வெஸ்டர்னுக்கு முந்திய ஸ்டேஷனாகிய வட்டகொடையில் என்னை இறக்கிவிட்டுப் போன பிறகு, தேயிலைப் பச்சையைப் பார்த்து வியந்து நிற்பதுதான் முதல்முறை வருகிறவனுக்குரிய சம்பிரதாயம். எனக்கு என்னவோ அந்தப் பச்சையைக் காட்டிலும் பெயர்ப்பலகையே அதிக நேரம் கண்ணில் நின்றது. மேலே சிங்களம், நடுவே தமிழ், கீழே ஆங்கிலம். தபாற்கந்தோரிலும் இதே வரிசை. பஸ்ஸின் நெற்றியிலும் இதே வரிசை. எல்லாமே ஒரு தடவைக்கு மேல் சொல்லப்படுகிற நாடு இது. ஊர்ப் பெயரைப் பல எழுத்தில் எழுதினாலும் ஊர் ஒன்றுதான் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால், ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியிருந்த முச்சக்கர வண்டி ஒன்றின் கண்ணாடிக்குக் கீழே புத்தர் படமும் பிள்ளையார் படமும் சேர்ந்து ஒட்டப்பட்டிருந்ததைப் பார்த்தபோது ஒரு கேள்வி எழுந்தது. இரு பாஷைகளில் இரு பெயரிட்டு அழைக்கப்படுகிற தெய்வமும் ஊரைப் போலவே ஒன்றுதானா? அன்றி, ஒன்று என்று சொல்லிவிடுவது நமக்குச் சௌகரியமான ஓர் உபசார வார்த்தை மட்டுந்தானா?

ஒரே விஷயத்தை இரு மொழியில் சொல்லிவிட்டால் இரு சாராரும் ஒன்றாகிவிடுவர் என்பது அரசாங்கங்களின் நம்பிக்கை. இலங்கை அரசாங்கம் இந்த நம்பிக்கைக்கு வந்து சேர்ந்த பாதை நேரானதன்று. 1956 இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்று சட்டம் இயற்றப்பட்டது. 1958 இல் தமிழுக்கென்று சில விசேஷ ஏற்பாடுகள் சட்டமாயின. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின் வாயிலாகத்தான் தமிழும் அரசகரும மொழி என்ற அந்தஸ்தை அடைந்தது. பலகையின் நடுவரியில் அமைதியாக உட்கார்ந்திருக்கிற அந்த ஐந்தாறு தமிழெழுத்துக்களுக்குப் பின்னால் இத்தனை காலத்துப் பிணக்கு இருக்கிறது.

தோட்ட வேலைக்கென்று தென்னாட்டிலிருந்து வந்து குடியேறிய மலைநாட்டுத் தமிழருக்கோ மொழிக்கு முன்னரே வேறொன்று பறிபோயிருந்தது. இந்த வட்டகொடையை அடுத்த மடக்கும்புரத் தோட்டத்தில் 1914 இல் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. லயங்கள் என்னும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழ்ந்த ஜனங்களைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக எழுதி, அவர்களுடைய நாட்டுப் பாடல்களையும் தேடித் தொகுத்துவைத்த அந்த மனிதர், 1947 தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்தில் அமர்ந்தார். அடுத்த ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டமும், அதற்கடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் அவரைத் தேர்ந்தெடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோரை வாக்குரிமை அற்றவர்களாக்கின. 1964 இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியாரும் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோ அம்மையாரும் கையொப்பமிட்ட உடன்படிக்கை 9,75,000 மக்களைக் கணக்கிலெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று வகுத்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கியது. 1974 இல் அவர்களும் பாதிப் பாதியாகப் பங்கிடப்பட்டார்கள். எந்த நாடும் தன்னவர் என்று சொல்லாமல் எஞ்சியவர்களுக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம்தான் பிரஜாவுரிமை தந்தது. இவ்வளவையும் இங்கே சொல்வதற்குக் காரணம், தெய்வத்தைப் பற்றிய விசாரம் இந்த மண்ணில் ஆகாயத்தில் நடப்பதில்லை என்பதுதான். தன் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று தெரியாமல் ஒரு தலைமுறைக்கு மேல் வாழ்ந்தவர்களிடம் போய், பெயரெல்லாம் மாயை, பொருள் ஒன்றே என்று உபதேசிப்பதற்கு யாருக்கும் சற்று நாக்குக் கூச வேண்டும்.

அந்த உபதேசத்துக்கு மிகவும் தோதான இடம் என்று வேதாந்திகள் காட்டுவது சிவனொளிபாதமலையை. ஹட்டனில் இறங்கி மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போய் ஏற வேண்டிய அந்தச் சிகரம் 2,243 மீட்டர் உயரம். உச்சியில் உள்ள பாதச் சுவடு பௌத்தருக்குப் புத்தர் பெருமானுடையது, சைவருக்குச் சிவபெருமானுடையது, முஸ்லிம்களுக்கு ஆதம் நபியினுடையது, கிறிஸ்தவரில் சிலருக்குப் புனித தோமையாருடையது. மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரையில் ஜனங்கள் இரவெல்லாம் ஏறுகிறார்கள். நான் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்து லயத்தில், வாழ்நாளெல்லாம் கொழுந்தெடுத்து, இப்போது மலைக்குப் போவதை நிறுத்திவிட்டுப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டியார் ஒருவர், தம் பிராயத்தில் அந்தச் சிகரத்துக்குப் பலமுறை போய்வந்தவர். தம் சொந்த ஊர் துறையூர்ப் பக்கம் என்று, ஒருநாளும் கண்ணால் பார்த்திராத ஊரை அவ்வளவு நிச்சயமாகச் சொன்ன அவரிடம், சிங்களவரும் தமிழரும் சேர்ந்து ஏறும்போது எப்படி இருக்கும் என்று கேட்டேன். சகோதர பாவம், சமரசம் என்பவை பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலும்.

"ஏறுறப்ப யாரு தம்பி பாஷையப் பாக்குறா? மூச்சு வாங்குறதுக்கே சரியாப் போயிரும். உச்சிக்குப் போனப்புறந்தான் அவங்க சாது சாதுன்னுவாங்க, நாம அரோகராம்போம்" என்றார்.

இதை நான் வெகுநேரம் யோசித்தேன். அவர் சொன்னதில் தெய்வம் ஒன்று என்ற சித்தாந்தம் எங்கும் இல்லை. படிகளில் இருந்த சமத்துவம் மூச்சு முட்டுவதால் வந்தது. உச்சியில் மூச்சு நிதானப்பட்டதும் அவரவர் நாமத்தை அவரவர் சொல்லிக்கொண்டார்கள். ஒருவர் நாமத்தை மற்றவர் தம் நாமமாக மாற்றிக்கொள்ள முயலவும் இல்லை. அது தம்முடையதன்று என்பதற்காகக் காதைப் பொத்திக்கொள்ளவும் இல்லை.

என் நண்பர் ஒருவர், நன்றாகக் கற்ற வேதாந்தி, இதைக் கேட்டதும், அது முதற்படி என்றார்; சுவடு ஒன்றுதானே, நாமரூபங்களைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஏகவஸ்து, அதை உணரும் பக்குவம் வந்தால் இருவரும் ஒரே கோஷமாக எழுப்புவார்கள் என்றார். அந்த ஒரே கோஷம் எந்தப் பாஷையில் இருக்கும் என்று கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, சம்ஸ்கிருதத்தில் இருக்கலாம் என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

இங்கேதான் அந்தக் கொள்கையோடு எனக்கு உள்ள பிணக்கு. எல்லாம் ஒன்று என்று சொல்கிறவர்கள், அநேகமாக, மற்றவர்களுடையதெல்லாம் தங்களுடையதில் அடக்கம் என்றே சொல்கிறார்கள். புத்தர் திருமாலின் அவதாரம் என்று நாம் பெருந்தன்மையோடு சொல்லும்போது பௌத்தருக்கு அதில் பெருந்தன்மை தெரிவதில்லை. திருமால் புத்தசாசனத்தின் காவல் தெய்வம் என்று அவர்கள் சொல்லும்போது வைஷ்ணவருக்கும் அப்படியே. ஒருமை என்பது மேலே நிற்கிறவனுக்கு இனிக்கிற தத்துவம். உள்ளே அடக்கப்பட்டவனுக்கு அது இனித்ததாகத் தெரியவில்லை.

இதற்கு மாறான ஒரு வழியை, மலைநாட்டுக்கு வருமுன்பே, கொழும்பு நூதனசாலையில் ஒரு கல்லில் பார்த்திருந்தேன். அப்போது அதன் கனம் எனக்குப் புலப்படவில்லை, பாட்டியாரின் பேச்சுக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. 1911 இல் காலி நகரத்தில், ஒரு மதகின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்த நிலையில் கண்டெடுக்கப்பட்ட பலகைக்கல் அது. சீனச் சக்கரவர்த்தியின் கடற்படைத் தலைவர் செங் ஹோ, 1409 ஆம் ஆண்டுத் தேதியிட்டுச் சீனாவிலேயே செதுக்கச் செய்து கப்பலில் கொண்டுவந்து நாட்டியது. அதில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். இந்தத் தீவில் நாட்டிய கல்லில் சிங்களம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கடல் வாணிபம் செய்வோர் படிக்க வேண்டும் என்று எழுதியவர்களுக்கு அந்த மூன்றும் போதுமென்று தோன்றியது போலும். மும்மொழிக் கல்வெட்டு என்றவுடன், ஒரே சாசனத்தை மூன்று மொழியில் பெயர்த்திருப்பார்கள் என்றுதான் எவரும் எண்ணுவர். அப்படியன்று. சீனப் பகுதி புத்தர் பெருமானை வணங்கி அவருக்குக் காணிக்கை செலுத்துகிறது. தமிழ்ப் பகுதி, இன்று தேவேந்திரமுனை என்று வழங்கும் தென் கோடியில் கோயில் கொண்டிருந்த தெனவரை நாயனாராகிய திருமாலை வணங்கி அவருக்குக் காணிக்கை செலுத்துகிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைத் துதித்து இஸ்லாமிய முறைப்படி அதையே செய்கிறது. தெய்வம் மூன்று, துதியும் மூன்று. ஆனால் காணிக்கைப் பட்டியல் ஏறக்குறைய ஒன்று: பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டுகள், வாசனைத் தைலம், விளக்கு, தூபப் பாத்திரங்கள்.

ஒரு மொழி மட்டும் அறிந்தவன் அந்தக் கல்லின் முன்னே நின்றால், தன் தெய்வத்துக்கே அது நாட்டப்பட்டது என்று மனநிறைவோடு திரும்புவான். மூன்றும் அறிந்தவன் இதைத் தந்திரம் என்று சொல்லக்கூடும். பிறப்பால் முஸ்லிமான ஒரு தளபதி இப்படி எல்லாரையும் திருப்திப்படுத்தப் பார்த்ததில் வியாபார நோக்கும் ராஜதந்திரமும் இல்லாமல் இருக்காது. இதே தளபதி அதற்கடுத்த சில ஆண்டுகளுக்குள் இந்தத் தீவின் அரசன் ஒருவனைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனதையும் நான் மறைக்கவில்லை. இருந்தாலும் அந்தக் கல் செய்யாத ஒரு காரியம் என்னைக் கவர்கிறது. புத்தரும் திருமாலும் அல்லாஹ்வும் ஒருவரே என்று அது எங்கும் சொல்லவில்லை. அவர்கள் யார் என்ற விசாரத்துக்கே அது போகவில்லை. ஒருவருக்கு அளந்த பொன்னை மற்றவருக்குக் குறைக்காமல் அளந்தது, அவ்வளவுதான். நாமத்தை அவரவரிடம் விட்டுவிட்டு, உபயத்தைச் சமமாக வைப்பது. பெயர்ப்பலகை எழுதுகிற அரசாங்கத்தின் முறைக்கு இது நேர் எதிரிடை: அங்கே சொல்வது ஒன்று, கிடைப்பது வேறு; இங்கே சொல்வது வேறு, கிடைப்பது ஒன்று.

இந்தத் தீவின் சரித்திரத்தில் இம்முறை வேறு உருவங்களிலும் தென்படுகிறது. தென்னாட்டிலிருந்து போய்க் கண்டி அரசு பெற்ற நாயக்கர் வம்சத்துக் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், அற்றுப்போயிருந்த உபசம்பதை என்னும் பிக்குகளின் உயர்துறவுச் சடங்கைச் சீயம் தேசத்திலிருந்து துறவிகளை வரவழைத்து 1753 இல் மீண்டும் நிலைநாட்டினான்; நாதர், திருமால், கதிர்காமத்தேவர், பத்தினி என்ற நால்வரின் தேவாலயங்களுக்குரியதாயிருந்த ஆடிப் பெரஹரா ஊர்வலத்தில் புத்தரின் தந்ததாதுவை முன்னே செல்லச் செய்தான். இத்தனையும் செய்தவன் மீது, நெற்றியில் திருநீறு பூசுகிறான் என்பது ஒரு குறையாகச் சொல்லப்பட்டது. 1760 இல் அவனைக் கொல்லச் சதியும் நடந்தது. பௌத்தத்துக்கு அவன் அளந்த பொன்னில் குறை காணாதவர்களும், அவன் நாமத்தை அவனிடம் விட்டுவைக்கச் சம்மதிக்கவில்லை. முருகன் தலமாகிய கதிர்காமத்திலோ சிங்களப் பூசாரிகளான கப்புறாளைமார் வாயைத் துணியால் மறைத்துக்கொண்டு, திரைக்குப் பின்னே, வாய்திறந்து மந்திரம் சொல்லாமல் பூசை நடத்துகிறார்கள். அருணகிரிநாதர் தமிழில் பாடிய அந்தச் சந்நிதியில் கருவறைக்குள் எந்தப் பாஷையும் இல்லை. இரு மொழி நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பூசை முறை ஏது என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் மௌனத்துக்குள்ளும் திரையைப் பிடிக்கிற கை யாருடையது என்ற கேள்வி உண்டு. நாளடைவில் அங்கே தமிழரின் பங்கு சுருங்கி வந்ததை அறிந்தவர்கள் அந்தக் கேள்வியை விடமாட்டார்கள்.

இதையெல்லாம் கேட்பவர் ஒருவர், சாமி ஒன்றோ இரண்டோ, 1977 இலும் 1983 இலும் நடந்த இனக்கலவரங்களில் மலைநாட்டுத் தமிழரின் கடைகளும் குடியிருப்புகளும் கொளுத்தப்பட்டபோது எந்தச் சாமி தடுத்தது என்று கேட்டால், அதற்கு விடை கிடையாது. முதற்பருவத்தில் ஒரே மலையில் ஏறியவர்கள் அடுத்த ஆடியில் ஒருவரையொருவர் கண்டு அஞ்சும்படி ஆயிற்று. தோட்டத்தை விட்டு ஓடி வன்னிக் காட்டில் குடியேறியவர்கள் உண்டு, கப்பலேறியவர்கள் உண்டு. பொதுத் தெய்வம் உள்ள ஜனங்கள் தமக்குள் போரிட மாட்டார்கள் என்பது உலக சரித்திரத்தில் எங்குமே மெய்ப்படாத ஒரு வாக்கு. ஒரே வேதத்தை ஒப்புக்கொண்ட ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் அடித்துக்கொண்ட அளவுக்கு வேறு யார் அடித்துக்கொண்டார்கள்? தெய்வத்தை ஒன்றாக்கினால் மனிதர் ஒன்றாவர் என்ற நம்பிக்கையை வட்டகொடையில் நான் முற்றாகக் கைவிட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை. சாமி வேறு என்பதற்காக யாரும் லயத்துக்குத் தீ வைக்கவில்லை; ஆகவே சாமியை ஒன்றாக்கி அந்தத் தீயை அணைக்கவும் முடியாது. அதற்குரிய காரணங்கள் நிலத்திலும் வாக்கிலும் உத்தியோகத்திலும் இருந்தன; பரிகாரமும் அங்கேதான் தேடத்தக்கது.

இந்த எண்ணத்தோடு இருந்தபோதுதான் தோட்டத்துத் தெய்வங்களைப் பார்க்க நேர்ந்தது. மாரியம்மனும் முனியாண்டியும் மதுரைவீரனும் அக்கரையிலிருந்து பிடிமண்ணோடு வந்தவர்கள். அவர்களை நாம் அறிவோம். நாம் அறியாத சிலர் இந்த மலையிலேயே பிறந்திருக்கிறார்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன், கத்தியை வைத்துக் கும்பிடுவதற்கு என்று ஒரு கவ்வாத்துச்சாமி உண்டு. இலையை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, காயவைக்கிற தொழிற்சாலையை ஜனங்கள் ஸ்டோர் என்கிறார்கள். அங்கே சுழலும் சக்கரங்களுக்குக் காவலாக ரோதைமுனி என்று ஒரு முனி உண்டு. ஸ்டோரின் பக்கவாட்டில், மதிலை ஒட்டி, நான் பார்த்த ரோதைமுனிக்கு உருவம் இல்லை. முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். அதன்மேல் மஞ்சளும் குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்கோடு கலந்து கறுத்த ஒரு படலம். பக்கத்தில் நட்டுவைத்த சூலத்தின் ஒரு முனையில் காய்ந்த எலுமிச்சம்பழம். முன்னால், எந்த இயந்திரத்திலிருந்தோ கழற்றிய பழைய பற்சக்கரம் ஒன்று, அதன் பற்களுக்கிடையே கர்ப்பூரம் எரிந்த கரி. எந்த ஆகமத்திலும் இவருக்கு விதி இல்லை. எந்தப் புராணத்திலும் இவர் பிறப்பு சொல்லப்படவில்லை. வெள்ளைக்காரத் துரைமார் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய இயந்திரத்தில் கைவிரல் சிக்காதிருக்க வேண்டும் என்ற பயத்தில், அந்த இயந்திரத்தோடு வேலை செய்தவர்களே கண்டுகொண்ட தெய்வம். சிங்களத்தில் இவருக்கு இணையாகக் காட்டத்தக்க தேவர் எவரும் எனக்குத் தெரிந்து இல்லை. எல்லாத் தெய்வத்தையும் ஒன்றில் அடக்கும் என் நண்பர்கூட இவரை எங்கே வைப்பது என்று திகைப்பார். சிவாம்சம் என்று சொல்லிச் சமாளிப்பார் என்பதும் எனக்குத் தெரியும்.

அங்கே காரியம் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் என்னோடு வந்திருந்தார். ஆண்டுக்கொருமுறை பூசை நடக்கும் என்றும், அன்றைக்கு ரோதை ஓடாது என்றும், ஆடோ கோழியோ அறுத்துப் பொங்கல் வைப்பார்கள் என்றும் விவரித்தார். இயந்திரம் பழுது பார்க்கிற சிங்கள மெக்கானிக் ஒருவரும் அந்தப் பூசைக்குத் தவறாமல் வந்து தேங்காய் உடைக்கிறாராம். சாமியின் பெயர் அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். பெரியவர் சிரித்தார்.

"பேரெல்லாம் அவரு கேட்டதில்லைங்க. நாங்களும் சொன்னதில்லை."

இவ்வளவு நேரமும் நான் கட்டிவந்த வாதம் அந்த இடத்தில் சற்று ஆடிப்போயிற்று என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நாமத்தை அவரவரிடம் விட்டுவிடுவதுதான் மரியாதை என்று நான் கொண்டாடியது, அந்த மெக்கானிக்கின் விஷயத்தில் மரியாதையா, அல்லது பக்கத்தில் இத்தனை ஆண்டு வாழ்ந்தும் பெயர்கூடக் கேட்கத் தோன்றாத அசிரத்தையா? கேட்காததிலும் இருவகை உண்டல்லவா? பெயரைக் கேட்டறியாதவர்கள்தாமே 1948 இல் இந்த ஜனங்களை எண்ணிக்கையாக மட்டும் பார்த்தார்கள்? இந்தச் சந்தேகத்தைப் பெரியவரிடமே, என்னால் கூடிய மட்டும் எளிதாக்கி, அந்த மெக்கானிக்குக்கு உங்கள் சாமி மேல் உண்மையிலேயே மதிப்பு இருக்கிறதா என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்ல தேங்காயாப் பாத்துத்தாங்க வாங்கிட்டு வருவாரு" என்றார்.